காலிமுகத்தில் உதித்த சூரியன்

மாதம் ஒருமுறை, காலை எட்டு மணிக்கு, கனகராயன்குளம் சந்தியில் நின்று ஞானேஸ்வரி கொழும்பு பஸ்ஸுக்குக் கை காட்டுவாள். தோளில் ஒரு துணிப்பை, கையில் தண்ணீர்ப் போத்தல். அடுத்த நாள் பொழுதுபட்டபின் அதே சந்தியில் இறங்கி, டோர்ச் அடித்தபடி தனியே வீட்டுக்கு நடப்பாள். பதினான்கு மாதமாக இது நடக்கிறது.

அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. பிள்ளைகள் இல்லை. புருஷன் ராசு மேசன் வேலைக்கென்று வவுனியாவுக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பமாகி எட்டு வருடம் ஆகிறது. இப்படிப்பட்ட ஒருத்தி மாதாமாதம் கொழும்புக்குப் போனால் ஊர் சும்மா இருக்குமா? முதலில், வெளிநாட்டுக்குப் போக ஏஜென்சிக்கு அலைகிறாள் என்றார்கள். பிறகு, ராசு மேல் வழக்குப் போட்டிருக்கிறாள் என்றார்கள். இரண்டும் இல்லையென்று தெரிந்ததும், அங்கே ஒரு ஆள் இருக்கவேண்டும் என்று முடிவுகட்டினார்கள். முகத்துக்கு நேரே ஒருவரும் கேட்டதில்லை. காதுபடச் சிரித்ததோடு சரி.

அவளும் மறுக்கவில்லை. அந்தக் கதை அவளுக்கு வசதியாக இருந்தது.

உண்மையில் அவள் போய்வந்தது கொழும்பை அடுத்த மகரகமைக்கு, புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு. வடக்கில் அந்தப் பெயர் ஓர் ஊரின் பெயராக மட்டும் காதில் விழுவதில்லை. ‘மகரகமைக்குக் கொண்டுபோகினம்’ என்றால், என்ன வருத்தம், என்ன நோய் என்று பிறகு யாரும் விசாரிப்பதில்லை. அவளுடைய இடது மார்பில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. வவுனியா ஆஸ்பத்திரி டொக்டர் யாழ்ப்பாணப் பக்கத்துத் தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுத வெளிக்கிட்டபோது, வேண்டாம், மகரகமைக்கே எழுதுங்கோ என்று கேட்டு வாங்கினாள். தெல்லிப்பழையில் யாராவது தெரிந்த முகம் எதிர்ப்படும். புத்தளத்தில் சித்தி வீட்டில் நிற்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போய் ஒப்பரேஷன் முடித்து, ஒன்றரை மாதத்தில் திரும்பினாள். சட்டைக்குள் இடது பக்கம் துணியை மடித்து வைத்துக்கொள்ளப் பழகினாள். இப்போது மாதம் ஒரு ஊசி, கொஞ்சம் குளிசை. தப்பிவிட்டாய் என்றுதான் டொக்டர்மார் சொல்கிறார்கள்.

இவ்வளவு ஒளிப்பதற்குக் காரணம் இடியப்பம்.

விடியுமுன் எழும்பி முந்நூறு இடியப்பம் அவிப்பாள். சந்தியில் நல்லதம்பியின் தேத்தண்ணிக் கடைக்கு நூறு, ஆசிரியர் விடுதிக்கு எண்பது, வீதி வேலைக்காரருக்கு எழுபது, மிச்சம் வீட்டுப் படலையில் வந்து வாங்குவோருக்கு. அவளுடைய சோறு அதுதான். அவளோடு மனிதர் கதைப்பதும் அதை வைத்துத்தான்.

மூன்று வருடத்துக்கு முன் அதே தெருவில் ஏரம்பு என்பவருக்குத் தொண்டையில் இந்த வருத்தம் வந்தது. அவருடைய மனைவி வடை சுட்டு விற்றாள். ஊர் இரக்கப்பட்டது. எல்லோரும் வடை வாங்கினார்கள். வாங்கியதை ஒருவரும் தின்னவில்லை. ஒட்டக்கூடிய வருத்தம் இல்லை என்று தெரிந்தவர்களுக்கும் கை வாய்க்குப் போகவில்லை. ஞானேஸ்வரியும் நாலு வடை வாங்கி, வீட்டுக்கு வந்து வேலிக்கு வெளியே எறிந்தாள். நாய் தின்றதைப் பார்த்துக்கொண்டும் நின்றாள். இரண்டு மாதத்தில் அந்த மனுசி வடைச் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள்.

தன்னுடைய இடியப்பமும் வேலிக்கு வெளியே போய்விடக் கூடாது. ஞானேஸ்வரிக்கு இருந்த கவலை இது ஒன்றுதான். கொழும்பில் ஆள் வைத்திருக்கிறவள் அவித்த இடியப்பத்தை ஊர் தின்னும், சிரித்துச் சிரித்துத் தின்னும்.

கிருசாந்தி வந்தது ஒரு சனிக்கிழமை பின்னேரம். மூன்றாவது வளவில் இருக்கும் பெட்டை. அந்தக் குடும்பத்தில் கம்பஸுக்குப் போன முதல் ஆள். படிப்பு முடிந்து இரண்டு வருடமாக அரசாங்க வேலை நியமனத்துக்குக் காத்திருந்தாள். கையில் கொப்பியும் பேனையுமாக வந்து குசினி வாசலில் நின்றாள்.

“ஞானக்கா, உங்களிட்ட ஒரு உதவி.”

“இடியப்பமெண்டால் முடிஞ்சுது பிள்ளை.”

“சீ, இது வேற. கனடாவில இருக்கிற ஒரு அண்ணை தமிழில ஒரு வெப்சைற் நடத்துறார். குறைஞ்ச செலவில கொழும்பு பாக்கிறது எப்பிடியெண்டு ஒரு கட்டுரை எழுதித் தரச் சொன்னவர். அது நல்லா வந்தால் மாசச் சம்பளத்துக்கு எடுப்பாராம்.”

“அதுக்கு?”

“நான் கொழும்புக்கு ஒரேயொருக்கா, பள்ளிக்கூடத்தில சுற்றுலா போனது. மிருகக்காட்சிச் சாலையில ஒரு குரங்கு என்ர ரொட்டியைப் பறிச்சது மட்டும்தான் ஞாபகம். அதை எழுத ஏலுமே?”

ஞானேஸ்வரி சிரித்துவிட்டாள். சிரித்து எவ்வளவு நாள் என்று அவளுக்கே வியப்பாக இருந்தது. கதிரையை இழுத்துப் போட்டாள். நீ ஒன்று சொல்லு, நான் கேட்கிறேன் என்று அவளிடம் வந்தவர் எவரும் இல்லை. இவ்வளவு காலமும் தனியே போய்த் தனியே வந்து கண்டுபிடித்ததையெல்லாம் சொல்ல ஓர் ஆளும் இருக்கவில்லை. அந்த ஆசைதான் அவளை மாட்டிவிட்டது.

“எழுது. அரசாங்கத்துச் சிரிபி பஸ்ஸில போ. ஏசி பஸ்ஸில போனால் குளிரும் காசும் இரண்டும் கூட. காலமை வெளிக்கிட்டால் வலப்பக்கத்துச் சீற்றில இரு, வெயில் அடிக்காது. வழியில பஸ் நிப்பாட்டுற கடையில வாய் வைக்காத. ட்ரைவருக்கு ஓசிச் சாப்பாடு, அந்தக் காசும் உன்ர பிளேற்றிலதான் ஏறும். புட்டைக் குழைச்சு வாழையிலையில கட்டிக்கொண்டு போ.”

“ம், பிறகு?”

“புறக்கோட்டையில இறங்கினவுடன ஒட்டோக்காரர் மொய்ப்பாங்கள். நிமிந்து பாராத. ஊர்க்காரி மாதிரி விறுவிறெண்டு நட. ஒரு சந்தி தாண்டினால் அதே தூரத்துக்குப் பாதிக் காசு. சிங்களத்தில மூண்டு சொல்லுக் காணும். கீயத, எவ்வளவு. கோஹெத, எங்க. பஹினவா, இறங்கப்போறன். நாலாவது சொல்லுச் சொன்னியெண்டால் அவை பதில் சொல்லுவினம், உனக்கு விளங்காது.”

கிருசாந்தி விழுந்து விழுந்து சிரித்தபடி எழுதினாள்.

“படுக்க லொட்ஜ் தேடாத. வெள்ளவத்தையில ஒரு சிங்கள மனுசி பாயும் தலகாணியும் குடுக்கிறா, பொம்பிளையளுக்கு மட்டும். ஆறு மணிக்குக் கதவு பூட்டு. பேப்பரெல்லாம் பொலித்தீன் பையில போட்டுத் தலைக்குக் கீழ வை.”

“என்ன பேப்பர் அக்கா?”

“அது... ஐடென்ரிக்காட். விடிய நாலரைக்கே போய் வரிசையில நிண்டிட வேணும்.”

“என்ன வரிசை?”

“குளிக்கிற வரிசை” என்றாள் ஞானேஸ்வரி. “கோயில் வாசலில ஒருத்தன் இலைக்கஞ்சி கொண்டு வருவான், பனங்கட்டித் துண்டோட. அதைக் குடிச்சால் மத்தியானம் வரைக்கும் பசிக்காது. மத்தியானச் சோத்துப் பாசல் ரெண்டு மணிக்குப் பிறகு வாங்கு, மிஞ்சினதை இறக்கிக் குடுப்பாங்கள்.”

ஒவ்வொன்றும் உண்மை. இடங்களின் பெயரை மட்டும் மாற்றினாள். மகரகமையை வெள்ளவத்தை ஆக்கினாள். ஆஸ்பத்திரி வாசலைக் கோயில் வாசல் ஆக்கினாள். பொய் சொல்கிறோம் என்று தோன்றவில்லை. தன்னுடைய அலைச்சலுக்குப் புதுச்சட்டை போட்டு அழகு பார்ப்பது போலிருந்தது.

“கடைசியா, கடல். காலிமுகம். அதுக்குக் காசு இல்லையெல்லே? எப்பிடி அக்கா இருக்கும்?”

அங்கேதான் அவள் கொஞ்சம் திகைத்தாள். பதினான்கு முறை கொழும்புக்குப் போனவள் கொழும்புக் கடலைக் கண்டதில்லை. போகும் நாளில் ஆறு மணிக்குள் பாய் பிடிக்கவேண்டும். மறுநாள் ஊசி போட்டு, மருந்து எடுத்து, பஸ் பிடிக்கவே நேரம் சரியாக இருக்கும். ஆனால் கடல் அவளுக்குப் புதிதா? சிலாவத்தையில் பிறந்தவள். முல்லைத்தீவுக் கரையில் தகப்பனுடைய தோணி வரும்வரை மணலில் குந்தியிருந்து வளர்ந்தவள்.

“விடியப் போ பிள்ளை. அந்த நேரம் சனம் இராது. முதல் கடல் கறுப்பாக் கிடக்கும். பிறகு அடியில ஆரோ விளக்குக் கொளுத்தின மாதிரிச் சிவக்கும். பாத்துக்கொண்டிருக்க, சூரியன் தண்ணிக்குள்ள இருந்து மெல்ல மெல்ல எழும்பும். ஒரு சதம் செலவில்லை. அதைப் பாத்தால் வந்த அலுப்பெல்லாம் போயிரும்.”

கிருசாந்தி எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். “அக்கா, இதை அப்பிடியே போடப்போறன்” என்றாள்.

‘கைக்காசுக்குள் கொழும்பு’ என்ற தலைப்பில் கட்டுரை வந்தது. தகவல் தந்த கனகராயன்குளம் ஞானேஸ்வரி அக்காவுக்கு நன்றி என்று அடியில் போட்டிருந்தது. கிருசாந்தி ஓடிவந்து போனில் காட்டினாள். தன்னுடைய பெயரை அச்சில் ஞானேஸ்வரி முன்பு பார்த்தது வாக்காளர் பட்டியலிலும் கிளினிக் கொப்பியிலும்தான். அன்றிரவு தன் போனில் அதை ஐந்து தரம் வாசித்தாள். சூரியன் எழும்புகிற இடத்தை இன்னும் இரண்டு தரம்.

இரண்டாம் நாள் சிரிப்புத் தொடங்கியது. லண்டனிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார்: ‘காலிமுகம் மேற்குக் கரை. அங்கே சூரியன் மறையும் தங்கச்சி, உதிக்காது.’ அதற்குக் கீழே வரிசையாகப் பகிடி. கொழும்பு எப்ப கிழக்குக்கு மாறினது? எழுதின ஆள் தலைகீழா நிண்டு பாத்தவவோ? கிருசாந்தியோடு படித்த ஜனகன் அதை ஊர்ப் பெடியளின் வட்ஸ்அப் குறூப்பில் போட்டுவிட்டான். பொழுதுபட முன் நல்லதம்பியின் கடையில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

கிழக்குக் கரையில் பிறந்த எவருக்கும் வரக்கூடிய பிழை அது. கடலென்றால் அங்கிருந்துதான் சூரியன் வரும். வேறு விதமாக ஒரு கடல் இருக்கும் என்று ஞானேஸ்வரி நினைத்துப் பார்க்கவேயில்லை.

ஆனால் ஊர் பிழையோடு நிற்கவில்லை. மறுநாள் விடிய அவள் இடியப்பப் பெட்டியோடு கடையின் பின்பக்கம் வந்தபோது, முன்வாங்கில் இருந்தவர்களின் குரல் கேட்டது.

“கடலையே காணேல்லையெண்டால் மனுசி மாசா மாசம் அங்க என்னத்துக்குப் போறா?”

“ஆளோட போனால் முதல் கூட்டிக்கொண்டு போறது கடற்கரைக்குத்தானே. ஆள் இல்லைப் போல.”

“நீங்கள் கவனிச்சனியளோ, அவா நல்லா மெலிஞ்சிட்டா. போன வருசம் ஒண்டரை மாசம் காணேல்லை. எங்கயும் மகரகமைக்கோ தெரியாது.”

பிறகு யாரோ, பிளேன்ரீ மட்டும் தா தம்பி, சாப்பாடு வேண்டாம் என்றார்கள்.

நல்லதம்பியின் மனைவி சுதர்சினி பெட்டியை வாங்க வந்தாள். அவள் ஞானேஸ்வரியின் வயதுக்காரி, வாயாடி. வழக்கமாக ஒரு இடியப்பத்தைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டுதான் எண்ணுவாள். அன்று பிய்க்கவில்லை.

“ஞானம், நாளைக்கு ஐம்பது காணும். இப்ப யாவாரம் கொஞ்சம் டல்.”

“ஓம்” என்றாள் ஞானேஸ்வரி.

அடுத்த நாள் ஆசிரியர் விடுதியிலும் பாதியாகக் குறைத்தார்கள். வீதி வேலைக்காரரின் கங்காணி வரவேயில்லை. மிஞ்சியதில் மூன்றைச் சம்பலோடு தின்றுவிட்டு, மற்றதை என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தாள். நாய்க்குப் போட மனம் வரவில்லை. ஏரம்புவின் மனைவியும் இப்படித்தான் மிஞ்சிய வடைகளின் முன் இருந்திருப்பாளா? அப்போது ஒரு தரமாவது போய் அந்த மனுசியோடு கதைத்திருக்கலாம். கதைத்து என்ன சொல்லியிருப்பேன் என்றும் நினைத்தாள்.

மூன்றாம் நாள் கிருசாந்தி வந்தாள். கண் வீங்கியிருந்தது.

“கனடா அண்ணை பேசிப்போட்டார் அக்கா. டிகிரி முடிச்சனீர், ஒரு வரைபடத்தைப் பாக்கத் தெரியாதோ எண்டு கேட்டார். அவர் கேட்டது சரி. நான் என்னத்தைப் படிச்சனான்?”

“பிழை என்னிலதான் பிள்ளை.”

“அதை விடுங்கோ. திருத்திப் போட்டிட்டன்.” பெட்டை கொஞ்சம் தயங்கினாள். “அக்கா, நான் ஒண்டு கேட்டால் கோவிக்க மாட்டியளே? நீங்கள் அங்க கடலுக்குப் போகேல்லை. குளிக்க வரிசை, பேப்பருக்குப் பொலித்தீன் பை... நான் யோசிச்சுப் பாத்தனான். நீங்கள் மாசா மாசம் எங்க போறனீங்கள்?”

ஞானேஸ்வரி அவளைப் பார்த்தாள். கெட்ட பிள்ளை இல்லை. உண்மையைச் சொன்னால் அழுவாள், கையைப் பிடிப்பாள். கிளினிக்குக்குத் துணைக்கு வாறன் என்றும் சொல்லக்கூடும். பஸ்ஸில் பக்கத்துச் சீற்றில் ஓர் ஆள். சொல்லிவிடலாம் என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். ஆனால் பெட்டை பிறகு வீட்டுக்குப் போவாள். தாயிடம் சொல்லாமல் இருக்கமாட்டாள். ஒரு பொழுதுக்குள் ஊர் முழுக்க இரங்கும். நாளைக்கே எல்லோரும் வந்து கூடுதலாக இடியப்பம் வாங்குவார்கள். ஊர் நாய்களுக்கு நல்ல தீன் கிடைக்கும்.

“ஒரு ஆள் இருக்கிறார்” என்றாள்.

கிருசாந்தியின் முகம் சிவந்தது. “ஓ” என்றாள். கொஞ்சம் கழித்து, “கலியாணம் கட்டினவரோ?”

“ஓம்.”

“அதுதான் வெளியில கூட்டிக்கொண்டு போறேல்லையாக்கும். ஆர் அக்கா? பேரென்ன?”

பெயர் ஒன்று வேண்டியிருந்தது. வாயில் தயாராக ஒன்று இருந்தது. பதினான்கு மாதமாக ஒவ்வொரு கிளினிக்கிலும் அவளுடைய பெயருக்கு முன்னால் தாதி கூப்பிடும் பெயர்.

“தில்லைநாதன்.”

அந்த மனிதரோடு அவள் ஒரு சொல் பேசியதில்லை. மகரகமையில் வன்னி, யாழ்ப்பாணப் பக்கத்துச் சனம் ஒருவரையொருவர் கண்டால் கண்ணை எடுத்துக்கொள்ளும். நான் உன்னைக் காணவில்லை, நீயும் என்னைக் காணவில்லை என்பதுதான் அங்கே மரியாதை. அதனால் அவருடைய முகம்கூட அவளுக்குச் சரியாகத் தெரியாது. தேய்ந்த தோல் செருப்பு தெரியும். பேப்பர்கள் வைத்திருக்கும் முல்லைத்தீவுப் புடவைக்கடைப் பை தெரியும். கூப்பிட்டதும் “ஓம் ஓம்” என்று அவசரமாக எழும்புகிற குரல் தெரியும்.

“எப்பிடிப்பட்ட ஆள்?”

“அமைதியான ஆள். கதைக்கிறது குறைவு.”

கணக்குப் பிழைக்கவில்லை. அடுத்த நாள் விடிய சுதர்சினி பெட்டியைத் திறந்து ஒரு இடியப்பத்தைப் பிய்த்து வாயில் போட்டாள்.

“எடியேய் கள்ளி! தில்லைநாதனாமே? பேரே கோயில் மாதிரிக் கிடக்கு. அதுவும் பெண்சாதிக்காரன்!”

“ஆர் சொன்னது?”

“ஆர் சொன்னால் என்ன? நாங்கள் பயந்துபோனம், உனக்கு ஏதோ வருத்தமாக்கும் எண்டு. நாளைக்கு நூறாக் கொண்டா.”

விடுதியும் பழைய கணக்குக்குத் திரும்பியது. கங்காணி வந்து பல்லைக் காட்டிக்கொண்டு நின்று எழுபது வாங்கிப்போனான். அதற்கு முன் அவன் அப்படிச் சிரித்ததில்லை. படலைக்கு வரும் பெண்களில் இரண்டு பேர் தாங்கள் வராமல் பிள்ளைகளை அனுப்பினார்கள். கிருசாந்தி வரவில்லை. ஒருநாள் வீதியில் எதிர்ப்பட்டபோது சைக்கிளை மெதுவாக்கி, “அம்மா உங்களிட்டப் போகவேண்டாமெண்டு சொல்லிப்போட்டா அக்கா, எனக்குக் கலியாணம் பேசுகினமாம்” என்று நிலத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு மிதித்துக்கொண்டு போனாள். கட்டுரையின் அடியில் நன்றி சொன்ன வரியும் இப்போது இல்லை.

இதில் யாரை நோவது? தான் விரும்பிய மாதிரித்தானே எல்லாம் நடந்திருக்கிறது.

பதினைந்தாவது தரம் மகரகமைக்குப் போனாள். விடிய வரிசையில் நின்று, இலைக்கஞ்சி குடித்து, வாங்கில் இடம் பிடித்தாள். அன்று முதல் தரமாக, பக்கத்து வாங்குகளில் இருந்தவர்களின் கால்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தாள். தேய்ந்த தோல் செருப்பைக் காணவில்லை. ஊரெல்லாம் தன்னோடு சேர்த்துப் பேசுகிற மனிதருடைய முகத்தை ஒருதரம் பார்த்துவிடவேண்டும் என்று வெட்கத்தோடுதான் வந்திருந்தாள்.

“தில்லைநாதன்!” என்று தாதி கூப்பிட்டாள்.

ஒருவரும் எழும்பவில்லை.

“தில்லைநாதன்!”

மூன்றாம் தரமும் கூப்பிட்டுவிட்டு, அந்தக் கொப்பியைத் தனியாக மேசையின் ஓரத்தில் வைத்தாள். “ஞானேஸ்வரி!”

ஊசி போட்டபின்னும் ஞானேஸ்வரி போகாமல் மேசைக்கு முன்னால் நின்றாள். ஓரத்தில் கிடந்த கொப்பியைக் காட்டி, தெரிந்த சிங்களத்தைக் கூட்டி, அந்த ஐயா ஏன் வரவில்லை என்று கேட்டாள். தாதி நிமிர்ந்து பார்த்தாள்.

“உங்களுக்கு அவர் யார்?” என்று சிங்களத்திலேயே கேட்டாள்.

அவ்வளவு சிங்களம் ஞானேஸ்வரிக்கு விளங்கியது. ஊர்க்காரர் என்று சொல்லிப் பார்த்தாள். வரவில்லை, எங்களுக்குத் தெரியாது என்று கையை விரித்துவிட்டுத் தாதி அடுத்த பெயரைக் கூப்பிட்டாள்.

பஸ்ஸில் வரும்போது பக்கத்துச் சீற்றில் யார் யாரோ ஏறினார்கள், இறங்கினார்கள். அவருக்குத் திகதி மாற்றிக் கொடுத்திருக்கலாம். பஸ் பிந்தியிருக்கலாம். சுகமாகி வரத் தேவையில்லாமலும் போயிருக்கலாம். அனுராதபுரம் தாண்டும்வரை இப்படி ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு வந்தாள். வேறு ஒன்று இருந்தது. அதை மட்டும் நினைக்கவில்லை.

மறுநாள் விடிய சுதர்சினி பெட்டியை எண்ணிக்கொண்டே கண்ணடித்தாள். “என்னடி, ஆள் சுகமே?”

“வரேல்லை.”

“சண்டையோ?”

“தெரியேல்லை சுதா. கூப்பிட்டவை, அவர் வரேல்லை.”

சுதர்சினி எண்ணுவதை நிறுத்தினாள். ஞானேஸ்வரியின் முகத்தில் எதையோ கண்டு, பகிடியை விட்டுவிட்டு அவளுடைய முழங்கையைப் பிடித்தாள். “உதுக்கு அழுறதே? ஆம்பிளையள் உப்பிடித்தான். பெண்சாதி பிடிச்சு வைச்சிருப்பாள். இரு, தேத்தண்ணி ஊத்திறன்.”

ஞானேஸ்வரி கடையின் பின்வாங்கில் இருந்து அந்தத் தேத்தண்ணியைக் குடித்தாள். ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது, ஒருவர் அவளுக்காக ஊற்றிக் கொடுத்து. சீனி கூடியிருந்தது. நல்ல சூடு. முன்பக்கம் யாரோ இடியப்பம் கேட்டார்கள். அடுத்த முறை அந்த மனிதர் வந்தால் கண்ணை எடுக்காமல் நின்று, எந்த ஊர் என்றாவது கேட்டுவிடவேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். அதற்கு அவர் வரவேண்டும்.